சூடாகாத வண்டியும் அணைக்காத சூடமும்

போன மாதம் மச்சான் மகன் வேலை பார்க்கும் பட்டறைக்குச் சும்மா போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கும் ஒரு போக்கிடம் வேண்டுமே. அங்கே ஒருவன் ஒரு காரின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பைத் தொட்டியில் எறிந்தான். ஏன் எறிகிறாய் என்றால், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு அங்கிள்? இது வெள்ளைக்காரன் குளிருக்கு வச்சது" என்றான். எனக்கு வந்த கோபத்தில் தொட்டிக்குள் கையை விட்டு அதை எடுத்துத் துடைத்து அவன் கையிலேயே வைத்தேன். பட்டறையே சிரித்தது. இந்தச் சின்னச் சாமானுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், எழுதித் தருகிறேன் என்றேன்.

அவன் எறிந்ததுகூடப் பரவாயில்லை. அவன் சொன்ன அந்த வாக்கியத்தை, ஒரு சொல் மாறாமல், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கோபம்.

அப்போது பிரிட்டிஷ்காரன் ஆட்சி. ஜப்பான்காரன் வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. மலாக்காவில் காஜா பெராங் சாலையில் காதர் ராவுத்தரின் பட்டறையில் நான் மெக்கானிக். பிளக் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட கதையெல்லாம் எல்லாப் பட்டறைக்காரனுக்கும் உள்ளதுதான், அதை விடுங்கள். நான் சொல்லும் காலத்தில் எனக்கு வயது இருபத்தாறு. காரைப் பார்க்காமலே, தெருமுனையில் வரும் சத்தத்தை வைத்து எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்வேன். பந்தயம் கட்டி ஜெயித்தும் இருக்கிறேன். தலைக்கனம் இருந்ததா என்றால், இருந்தது. வேலை தெரிந்தவனுக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

ராவுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், எப்போதும் வெள்ளைத் தொப்பி, அதில் ஒரு கிரீஸ் புள்ளிகூட இருக்காது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் தொப்பியைக் கழற்றுவார், தலையை ஒருமுறை தடவுவார், மறுபடி வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

வண்டி எதுவானாலும், ஸ்பானரைத் தொடும் முன் ஓட்டுகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் சட்டம். "எப்போ? எத்தனை நேரத்துல?" கோளாறு வருவது காலையிலா மத்தியானமா, கிளப்பி எவ்வளவு நேரம் கழித்து. இரண்டுக்கும் பதில் வாங்காமல் பானெட்டைத் திறக்க விடமாட்டார். "ராத்திரி பூரா நின்ன வண்டிதான் கோவாலு உண்மையைப் பேசும்" என்று என்னிடம் சொல்லி, சந்தேகமான வண்டிகளைப் பட்டறையிலேயே நிறுத்திவைத்து, விடிந்ததும் தானே வந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

இவ்வளவு கவனமான பட்டறையிலும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தெர்மோஸ்டாட் என்பது என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும். தண்ணீர் நன்றாகச் சுட்டதும் தானாகத் திறக்கும். இந்த நாட்டில் என்ஜின் கொதிப்பதுதானே எல்லாருக்கும் தொல்லை? அதனால் கொதிக்கிறது என்று எந்த வண்டி வந்தாலும் முதல் காரியமாக அந்தக் கதவைப் பிடுங்கிவிடுவோம். பிடுங்கியதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்போம். மலாக்காவில் எல்லாப் பட்டறையும் அப்படித்தான். ராவுத்தர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கந்தப்பப் பிள்ளை சாலைக் கான்டிராக்டர். மூன்று லாரி, ஒரு கார். நான்கும் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். ஒருநாள் அவர் கார் கொதித்து நீராவி கக்கிக்கொண்டு வந்தது. ரேடியேட்டர் முழுக்கச் சேறும் துருவும் அடைத்திருந்தன. நானே கழற்றி அலசிச் சுத்தம் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? நான்கு நட்டைத் திருகி, தெர்மோஸ்டாட்டையும் எடுத்து டின்னில் போட்டேன். கார் ஓட்டிவந்தவர், அது என்ன, எதற்காக எடுக்கிறாய் என்று கேட்டார். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

கேட்டவர் மாணிக்கம் நாய்க்கர். பிள்ளையிடம் பத்து வருடத்துக்கு மேல் டிரைவர். காஜா பெராங்கிலேயே பிறந்த மலாக்கா செட்டி. அவர்கள் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கோயில், திருநீறு, விரதம் எல்லாம் நம்மைவிட ஒழுங்காக இருக்கும். பேச்சு மட்டும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரியும், சாமி, கோயில், சூடம், தம்பி என்று. என்னை எப்போதும் தம்பி என்பார். நான் அபாங் என்பேன், மலாயில் அண்ணன்.

இரண்டு மாதம் கழித்து, நல்ல மழைக் காலத்தில், மாணிக்கம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "தம்பி, இனி கெரெத்தா லம்பாட் பானாஸ்" என்றார். இந்தக் கார் சூடாக நேரமாகிறது என்று அர்த்தம்.

பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வண்டி சூடாகிவிட்டது என்று வருகிறவர்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். சூடாகவில்லை என்று வந்த முதல் ஆள் அவர்தான். "அபாங், அது உங்க அதிர்ஷ்டம். போய்க் கோயில்ல தேங்காய் உடைங்க" என்று மலாயில் சொல்லி அனுப்பிவைத்தேன். எப்போ, எத்தனை நேரத்தில் என்ற இரண்டு கேள்வியையும் கேட்கவில்லை. ராவுத்தர் அன்று சாமான் வாங்க வெளியே போயிருந்தார். மாணிக்கம் என்னோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

மூன்று வாரம் போனது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாணிக்கம் கார் இல்லாமல் நடந்து வந்தார். கையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும். ஒரு தமிழ் வாக்கியம் வேண்டும், அதை அப்படியே ரூமியில், மலாய்க்காரர் எழுதும் ஆங்கில எழுத்தில், எழுதிக்கொடு, வெள்ளிக்கிழமைக்குள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றார்.

"என்ன வாக்கியம்?"

"நான் எண்ணெய் திருடவில்லை என்று."

உட்கார வைத்து விசாரித்தேன். பெட்ரோல் முன்னைப்போல் நிற்பதில்லை. பிள்ளை ஒரு குச்சியை டாங்கிக்குள் விட்டுத் தினமும் அளந்திருக்கிறார். ஓடும் தூரம் அதேதான், பெட்ரோல் மட்டும் எங்கோ போகிறது. டிரைவரைத் தவிர யார் எடுத்திருக்க முடியும்? சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு காஜா பெராங் அம்மன் கோயிலில், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றிருக்கிறார். அதோடு விடவில்லை. சத்தியம் தமிழில் செய்ய வேண்டுமாம், அம்மனுக்கு மலாய் தெரியாதாம்.

அதைச் சொன்னதும் மாணிக்கம் பென்சிலைக் கீழே வைத்தார். "என் பாட்டன், அவர் பாட்டன், எல்லாரும் இந்த அம்மனிடம் மலாயில்தான் பேசினார்கள், தம்பி. கேட்டதையெல்லாம் அவள் கொடுத்திருக்கிறாள். தெரியாமலா கொடுத்தாள்?" என்றார். அந்தக் கோயிலில் தன் குடும்பம் பூக்கட்டி விளக்கேற்றியிருக்கிறது, சூடம் அணைக்க யாரும் நின்றதில்லை, தன் அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார். கை சுடுமே என்று அவர் பயப்படவில்லை. அங்கே போய் நிற்பதே அவருக்கு அவமானம்.

"நான் எண்ணெய் திருடல" என்று எழுதிக்கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "நான் எண்ணெய் திருடலாம்."

"ஐயோ அபாங், திருடலாம் இல்லை. திருடல, திருடல."

மறுபடி வாசித்தார், மறுபடியும் "திருடலாம்" என்றே வந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எண்ணெய் என்றால் எதைச் சொல்கிறோம் என்று கேட்டார். அவர் மலாயில் பெட்ரோலும் மினியாக், என்ஜின் எண்ணெயும் மினியாக். "பெட்ரோல்தான் குறையுது. மற்ற மினியாக் குறையவில்லை, அது ஏறுகிறது" என்றார், சாதாரணமாக.

"என்னது? ஏறுதா?"

ஆமாம், என்ஜின் எண்ணெய் ஊற்றாமலே அளவுக்கோட்டுக்கு மேலே நிற்கிறது என்றார். அப்போதுதான், மூன்று வாரம் தாமதமாக, ராவுத்தரின் இரண்டு கேள்வியையும் கேட்டேன். எப்போ? விடியற்காலையில். பிள்ளை இருட்டோடு கிளம்பி கிளேபாங்கில் ஒரு வேலையிடம், அங்கே அரைமணி நேரம் நிறுத்தம், அப்புறம் புக்கிட் ரம்பாய், அங்கே ஒரு நிறுத்தம், பிறகு பத்து பெரெண்டாம் என்ற ஊர். எத்தனை நேரத்தில் சூடாகிறது? ஆகவே ஆகாது. பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் குமிழை உள்ளே தள்ளினால் என்ஜின் இருமி நின்றுவிடும், அதனால் பாதி இழுத்தபடியே ஓட்டுகிறேன் என்றார்.

எல்லாம் விளங்கிவிட்டது. கதவு இல்லாத வீட்டில் அடுப்புச் சூடு தங்காது. கிளப்பின நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் ஓடிக் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது. மழைக்காலம், குட்டிக் குட்டி ஓட்டம். குளிர்ந்த என்ஜினுக்கு சோக் வேண்டும், சோக் இழுத்தால் பெட்ரோல் கொட்டும். கொட்டுவதில் பெரும்பாகம் எரியாமல் புகையாகப் போகும், மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெயில் கலக்கும். பெட்ரோல் திருட்டுப் போகவில்லை. பாதி புகைக்குழாய் வழியாகப் போயிருக்கிறது, மிச்சம் காருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வழி திறந்துவிட்டவன் நான்.

மாணிக்கத்திடம் அப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அபாங், அந்தத் தாளை வைத்திருங்கள், ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். வேலை தெரிந்தவன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவன், ஒரு டிரைவரிடம் மன்னிப்புக் கேட்க நாக்கு எழாமல் நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ராவுத்தரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சிரித்ததையும் சேர்த்துத்தான். அவர் தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவினார். வழக்கமாக உடனே வைத்துக்கொள்வார், அன்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாய், சொன்னா பிள்ளையோட நாலு வண்டியும் நம்ம கையவிட்டுப் போயிடும்" என்றேன்.

"சொல்லாட்டி?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே கேட்டார்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குச் சத்தியம்?"

"ஒம்பது."

"அப்ப ஆறு மணிக்கு வண்டி நம்ம பட்டறையில பச்சைத்தண்ணியா நிக்கணும். நான் போயிக் கேக்குறேன்" என்று தொப்பியை வைத்துக்கொண்டு எழுந்தார். மறுநாள் அவரே பிள்ளை வீட்டுக்குப் போய், ஒரு ராத்திரிக்குக் காரைக் கொடுங்கள், காலையில் நீங்களும் வாருங்கள் என்று கேட்டு வாங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தூறல். பிள்ளை குடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாணிக்கம் குளித்து, வெள்ளைச் சட்டையும் புதுச் சாரோங்கும் கட்டி, ஒரு ஓரமாக நின்றார். சட்டைப் பையில் தாளில் மடித்த சூடம் துருத்திக்கொண்டிருந்தது.

"எதுக்கு இந்த வேடிக்கையெல்லாம் ராவுத்தரே?" என்றார் பிள்ளை.

"ஒரு அரைமணி நேரம் பொறுங்க. அப்புறம் எங்கே வேணும்னாலும் போகலாம்."

நான் காரைக் கிளப்பினேன். என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயைப் பிள்ளையையே தொடச் சொன்னேன். தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் அந்தக் குழாய் சில நிமிடம் சில்லென்று இருக்கும், பிறகு திடீரென்று சுடும். இதில் முதலிலிருந்தே வெதுவெதுப்பு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் ஓட விட்டேன். அப்போதும் அதே வெதுவெதுப்புதான், குழந்தையைக் குளிப்பாட்டலாம். சோக்கைத் தள்ளினேன், இருமி நின்றது. பிளக்கைக் கழற்றிக் காட்டினேன், கரி அப்பியிருந்தது. அளவுக்கம்பியை உருவினேன். எண்ணெய் கோட்டுக்கு ஒரு விரல் மேலே.

"மோந்து பாருங்க ஐயா."

பிள்ளை முகர்ந்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார், தண்ணீராக வழுக்கியது. மறுபடி முகர்ந்தார். "பெட்ரோலு நாத்தம்தான் அடிக்குது" என்றார்.

"உங்க பெட்ரோல்தான் அது. இங்கே கொஞ்சம் இருக்கு. மத்தது புகையாப் போச்சு. யாரும் எடுக்கல."

பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தேன். அந்த மாதிரி கார் ஊரில் வேறு இல்லை என்பதால் அதன் தெர்மோஸ்டாட் எதுவென்று சந்தேகமே இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீரை ஏற்றி, அதை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். பழுதாகியிருந்தால் எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். இல்லை. ஆவி நன்றாகக் கிளம்பியதும் அந்தப் பித்தளைக் கதவு மெல்லத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவைத்ததும் மூடிக்கொண்டது. நல்ல சாமானைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

"இதை வண்டியிலேர்ந்து யாரு கழட்டினது?" என்று கேட்டார் பிள்ளை.

"எங்க பட்டறையில..." என்று ராவுத்தர் ஆரம்பித்தார்.

"நான்தான் ஐயா" என்றேன். "கழட்ட வேண்டிய அவசியமே இல்ல. சூடாகலேன்னு இவரு வந்து சொன்னப்ப சிரிச்சு அனுப்பினதும் நான்தான்." அதையே மாணிக்கத்தைப் பார்த்து மலாயில் ஒருமுறை சொன்னேன்.

பிள்ளை ராவுத்தரிடம் திரும்பி, "உங்க ஆளை நம்பித்தானே வண்டியை விட்டேன்" என்று குரலை உயர்த்தினார்.

"என் ஆளுதான்" என்றார் ராவுத்தர். "கழட்டினதும் அவன், கண்டுபுடிச்சதும் அவன். பட்டறையில இத்தனை வருஷமா கழட்டச் சொன்னது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

நான் வேலையில் இறங்கினேன். பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றி, பிளக்குகளைத் துடைத்து, தண்ணீரை மாற்றி, கதவை அதன் இடத்தில் வைத்து நான்கு நட்டையும் இறுக்கினேன். அதற்குள் என்ஜின் ஆறியிருந்தது. மாணிக்கத்தையே கிளப்பச் சொன்னேன். பிள்ளை இந்த முறை தானாகவே வந்து குழாயைப் பிடித்துக்கொண்டார். சில்லென்று இருக்கிறதே என்றார். பிடித்துக்கொண்டே இருங்கள் என்றேன். மாணிக்கம் சோக்கை உள்ளே தள்ளினார். என்ஜின் இருமவில்லை, ஒரே சீராக ஓடியது. "இன்னும் சில்லுன்னுதான்..." என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, "அப்பாடி!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் குதித்தார். அன்றைக்கு உள்ளங்கை சுட்டவர் அவர் ஒருவர்தான்.

கையை ஊதிக்கொண்டே, "சரி, கோயிலுக்கெல்லாம் போக வேண்டாம். சாவியை வச்சுக்க" என்று மாணிக்கத்திடம் மலாயில் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மாணிக்கம் சாவியை வாங்கவில்லை. "போக வேண்டும்" என்றார். கம்போங் சனம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்து காத்திருப்பார்கள், நான் வராவிட்டால் பயந்து ஓடிவிட்டான் என்பார்கள் என்றார். தூறல் விட்டிருந்தது. பட்டறையை அப்படியே போட்டுவிட்டு நடந்தோம். ராவுத்தர் வெளிவாசலோடு நின்றுகொண்டார்.

கோயிலில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். முன்னால் மாணிக்கத்தின் அம்மா, கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக, யாரையும் பார்க்காமல் நின்றார். மாணிக்கம் தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினார். அணைக்கவில்லை. அம்மனுக்கு மூன்று சுற்றுக் காட்டிவிட்டு, தட்டைப் பிள்ளையின் முன்னால் நீட்டினார். பிள்ளை ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டியபோது தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். மரியாதையாகத்தான். மெல்லிய குரலில், "மலாயில் சொல்லுங்கள். என் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சூடம் எரிந்துகொண்டிருந்தது. பத்து வருடமாக மாணிக்கத்தை மலாயில் ஏவியே பழகிய மனிதர், அன்று அம்மன் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மாணிக்கம் தாக் சூரி."

மாணிக்கம் திருடவில்லை. அந்தக் கிழவி நிமிர்ந்து பார்த்தார். அப்புறம்தான் மாணிக்கம் தட்டை நீட்டினார், பிள்ளை ஒற்றிக்கொண்டார், நானும் ஒற்றிக்கொண்டேன். சூடம் தானாக எரிந்து முடிந்தது.

வெளியே வந்ததும் ராவுத்தர் என்னிடம், "டின்னுல இன்னும் எத்தனை இருக்கு கோவாலு?" என்று கேட்டார். பதினேழு என்றேன். அடுத்த இரண்டு மாதமும், அந்தப் பதினேழு வண்டியையும் தேடித் தேடிப் பிடித்து, சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்து மாட்டினோம். பிள்ளையின் நாலு வண்டியும் எங்களிடமே வந்துகொண்டிருந்தன. மாணிக்கம் விடியற்காலையில் பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் ஹார்ன் அடித்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "தம்பி, சூடா பானாஸ்!" என்று கத்துவார். மலாயில் 'சூடா' என்றால் ஆகிவிட்டது, அதாவது சூடாகிவிட்டது என்று அர்த்தம். நான் எழுதிக்கொடுத்த அந்தத் தாளை அவர் தூக்கிப் போடவில்லை. வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்தார். ஒருநாள் பிள்ளை பின்னால் இருக்கும்போதே அதை எடுத்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு, உரக்க வாசித்தார்.

"நான் எண்ணெய் திருடலாம்."

பின்சீட்டில் பிள்ளை வெளியே எதையோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். மாணிக்கத்தை நான் திருத்தவில்லை.